மாமனாருக்குப் பதினேழு டிகிரி

கதவைத் திறந்த மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தெருவில் தார் உருகிக்கொண்டிருந்த கோடைக்காலப் பிற்பகல். வாசலில் மாமனார், தீயணைப்புத் துறையில் இருந்தபோது போட்ட கனத்த கோட்டைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, காதைச் சுற்றி மப்ளர் கட்டி நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. பற்கள் தந்தியடித்தன.

மாமனாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஓர் ஈரத்துண்டு, கையில் விசிறியாக மடித்த செய்தித்தாள் என்ற கோலத்தில், குளித்துவிட்டுத் துவட்டாதவர் போல வியர்வை சொட்ட நின்றார்.

இருவரும் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படுத்திருந்தவர்கள்.

"மாப்பிள்ளை, என்னை உறைய வச்சுப் பாக்கணும்னு ஏதாவது ஆசையா?"

"என்ன மாமா நீங்க. நானே இங்க வெந்துக்கிட்டிருக்கேன். உள்ளே வந்து பாருங்க."

"வரத் தேவையில்லை. வாசல்லயே அனல் அடிக்குது." மாமனார் இரண்டு கைகளையும் நீட்டி, நெருப்பில் காய்வது போல அந்த அறைக் காற்றில் காய்ந்தார். "இருங்க, கொஞ்சம் நின்னுக்கறேன். இதமா இருக்கு."

விஷயம் இதுதான். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு சுவர். சுவரின் இந்த முகத்தில் மாப்பிள்ளையின் ஏசி, அந்த முகத்தில் மாமனாரின் ஏசி, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியபடி. ஒரே கம்பெனி, ஒரே மாடல். மாப்பிள்ளை தன் ஏசியைப் பதினெட்டில் வைப்பார்; அது நாலு மூச்சு குளிர்ந்த காற்றை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அறையில் முப்பத்துமூன்று டிகிரி. மாமனார் தன் ஏசியை முப்பதில் வைப்பார். அது கொஞ்சமும் ஓயாமல் ஊதும். அவர் அறையில் பதினேழு டிகிரி.

"அணைச்சு வச்சிடலாமே மாமா?"

"அணைச்சா என்ன ஆகுதுன்னு தெரியாதா? என் ரூம் அடுப்பாயிடுது, அப்ப உங்க ரூம் ஐஸ் பெட்டியாயிடுது. முந்தாநாள் கம்பளி கேட்டு வந்து கதவைத் தட்டினது யாரு?"

மாப்பிள்ளைதான்.

மாமனார் தீர்ப்பை வாசித்தார். "சாயங்காலம் என் டிபார்ட்மென்ட் ஆளுங்க கேரம் ஆட வர்றாங்க. எத்தனையோ பேரை நெருப்புக்குள்ளேருந்து தூக்கிட்டு வந்தவன், மப்ளர் கட்டிக்கிட்டு அவங்க முன்னாடி உக்கார முடியாது. இந்தக் கோளாறு உங்க ரூம்லேருந்துதான் வருது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா நீங்களும் என் பொண்ணும் வேற வீடு பாத்துக்குங்க."

மாப்பிள்ளைக்கு வியர்வை நின்று, குளிர் வேர்வை தொடங்கியது.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டர். நாள் முழுக்க வெயிலில், ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை. வீடு திரும்பினால் மாமியார் கையால் காபி, மடித்து வைத்த சட்டை, "மாப்பிள்ளை களைச்சுப் போயிட்டார், யாரும் சத்தம் போடாதீங்க" என்ற அறிவிப்பு. இதை விட்டு வேறு எங்கே போவது?

நல்லவேளை, மனைவியும் அவர் பக்கம்தான். எப்போதோ ஒருமுறை, "நமக்குன்னு தனியா ஒரு வீடு இருந்தா எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்டதுண்டு. "அங்க அத்தை காபி வருமா?" என்று அவர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். தன் அம்மாவுக்கு அவள் கல்யாணத்தன்றே வாக்குக் கொடுத்திருந்தாள்: "அப்பா வாயால போகச் சொன்னா ஒழிய, நானா இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்." ஒற்றைப் பெண். பாசக்காரி. மாப்பிள்ளைக்கு அதில் அப்படியொரு நிம்மதி.

மாமனார் போனதும் மனைவி வந்தாள். வெக்கையில் அவளும் வாடித்தான் இருந்தாள். முகம் மட்டும் ஏனோ தெளிவாக இருந்தது.

"கேட்டியா? உங்கப்பா வீட்டை விட்டே போகச் சொல்லிட்டார்."

"நிஜமாவா? அப்படியே சொன்னாரா? வாய்விட்டா?"

"சாயங்காலம் வரைக்கும் கெடு. மெக்கானிக்கைக் கூப்பிடேன். எலி ஒயரைக் கடிச்சப்போ வந்தாரே, அவரை."

கோடை தொடங்கும் முன் எலி இரண்டு ஏசியிலும் ஒயரைக் கடித்துவிட்டது. எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், லீவு போட்டு வீட்டில் இருந்து மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்துக்கொண்டது மனைவிதான்.

"அவர் ஊர்ல இல்லையாம். கூப்பிட்டுப் பாத்தேன்," என்றாள். "நீங்களே திறந்து பாருங்களேன். காரையே பிரிச்சு மாட்டுறவர் நீங்க."

மாப்பிள்ளை ஒரு காரையும் பிரித்ததில்லை. ஆனால் மனைவி அப்படிச் சொன்னபிறகு திறக்காமல் இருக்க முடியுமா? போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

மூடியைத் தூக்கியதும் உள்ளே இரண்டு மெல்லிய கறுப்பு ஒயர்கள் தெரிந்தன. வீடியோக்காரர் சொன்னது இவைதான்: வெப்பத்தை அறியும் சென்சார்கள். ஏசிக்குக் கண் கிடையாது, தோல் கிடையாது. அறை சூடா குளிரா என்று அதற்குச் சொல்வது, ஒயரின் நுனியில் மிளகு அளவில் இருக்கும் ஒரு கறுப்பு முத்து. முத்து சூடானால் மின்சாரத்துக்குத் தாராளமாக வழி விடும். குளிர்ந்தால் வழியை நெருக்கும். எவ்வளவு மின்சாரம் வந்து சேர்கிறது என்று பார்த்துத்தான் ஏசி ஊதுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறது. வெளியே எரிமலையே வெடித்தாலும், முத்து "குளிருது" என்று சொன்னால் ஏசி நம்பும். அவ்வளவு விசுவாசம்.

ஆனால் ஒயர்கள் இரண்டு. ஒன்று அறைக் காற்றைப் பார்ப்பது. இன்னொன்று உள்ளே இருக்கும் குழாய் பனிக்கட்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது. எது எது?

"இதுவாத்தான் இருக்கும்," என்று ஒன்றை உருவினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஏசி ஒரேயடியாக மூச்சை நிறுத்திவிட்டது. பதறிப்போய் அதைத் திரும்பச் செருகினார். நுனியில் செம்புத் தொப்பி போட்டு, குழாயை ஒட்டிய சின்னத் துளைக்குள் ஒளிந்திருந்த அது, குழாய்க்காரன். செம்பு இல்லாமல், காற்று போகும் வழியில் தொங்கிய கறுப்பு முத்துதான் அறைக்காரன். அதன் ஒயர் ஏசியின் அடியில் இறங்கி, கீழே மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் போய் மறைந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன். இது மேல குளிர் காத்து படுது. அதான் ரூமே குளிர்ந்துட்டதா நினைச்சு ஏமாந்து நிக்குது. இதைச் சூடாக்கினா ஓடும் பாரு."

முத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

அவருடைய ஏசி அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் "உஷ்ஷ்" என்று ஒரு சீறல் எழுந்தது. தொடர்ந்து மாமனாரின் குரல்: "ஐயோ, யாரு இதை ஏத்தினது?"

"மாமா ரிமோட்டை மாத்தி அமுக்கிட்டார் போல," என்றார் மாப்பிள்ளை.

"கை சூடு பத்தாதுங்க," என்றாள் மனைவி. "மேசை விளக்கை எடுத்துட்டு வரட்டா? அது பக்கத்துல கட்டி வச்சுப் பாருங்களேன்."

என்ன மூளை என்று வியந்தபடி, விளக்கை அலமாரி மேல் வைத்து, முத்தை அதன் வெளிச்சத்தில் தொங்கவிட்டார். அந்தப் பக்கச் சீறல் புயலாக மாறியது. இந்த வகை ஏசிகளுக்கு ஒரு குணம் உண்டு: கேட்ட குளிருக்கும் இருக்கும் சூட்டுக்கும் இடைவெளி கூடக் கூட, வேகமும் கூடும்.

மாமனார் சும்மா இருப்பாரா? மாமியாரின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக் கட்டில் மேல் ஏறி நின்று, குளிர் வரும் இடத்திலேயே அனலை ஊத ஆரம்பித்தார். நெருப்பை அணைத்தே பழகியவர், முதல் தடவையாக மூட்டிப் பார்த்தார்.

அடுத்த நொடி, மாப்பிள்ளையின் ஏசி உறுமிக்கொண்டு கிளம்பியது. குளிர்ந்த காற்று அவர் நெற்றியில் அடித்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, ஓடுது. சீக்கிரம் வந்து பாருங்க."

மாமனார் கருவியை அணைத்துவிட்டு, கோட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். ஏசி பொட்டென்று அடங்கியது.

"எங்க ஓடுது?"

"இப்ப ஓடிச்சு மாமா."

மாமனார் முறைத்துவிட்டுப் போய், கட்டிலேறி, மறுபடி அனலை ஊதினார். ஏசி உறுமியது. "மாமா" என்று கத்தினார் மாப்பிள்ளை. மாமனார் அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஏசி அடங்கியது.

மாப்பிள்ளை ஏசியையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்கப்பாவைப் பாத்தா நின்னுடுது."

"அப்பாவைப் பாத்தா எல்லாருமே கொஞ்சம் நிப்பாங்க," என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மாமியார் போர்வையைச் சுற்றிக்கொண்டு காபியோடு வந்தார். "மாப்பிள்ளை, களைச்சுப் போயிருப்பீங்க. சூடா குடிங்க. எனக்கு விரல் மரத்துப் போச்சு, டம்ளர் பத்திரம்."

மாப்பிள்ளை காபியைப் பார்த்தார். ஆவி பறந்தது. விளக்கைவிடச் சூடு. கொஞ்சமும் யோசிக்காமல் முத்தை டம்ளருக்குள் முக்கினார்.

பக்கத்து அறையில் எழுந்த சத்தம் ஏசி சத்தமாகவே இல்லை. ரயில் நிலையத்துக்குள் நுழைவது போல் இருந்தது. காலண்டர் தாள்கள் படபடத்தன. கேரம் பலகையின் மேல் வைத்திருந்த பவுடர் புகையாகக் கிளம்பியது. தலை முதல் கால் வரை வெள்ளையாக, பனிமலையில் வழி தவறியவர் போல மாமனார் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை. பெட்டியைக் கட்டுங்க."

"மாமா, ஒரு நிமிஷம்."

"பெட்டி. இன்னிக்கே."

மாமியார் வாயில் போர்வை நுனியை வைத்துக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய், அதே நொடியில் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். பூட்டுப் போட்டிருந்தது.

மாப்பிள்ளை அதிர்ந்து போனார். "அதுக்குள்ள கட்டிட்டியா?"

"அப்பா வாயால சொல்லிட்டாரே. பெரியவங்க பேச்சைத் தட்டலாமா?" என்று விசும்பினாள்.

இப்படி ஒரு பெண்ணை வீடற்றவளாக்கிவிட்டோமே என்று மாப்பிள்ளை நொந்துகொண்டார். ஆற்றாமையில் முத்தைக் காபியிலிருந்து வெடுக்கென்று இழுத்தார். ஒயர் வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. முழம் முழமாக, கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

தன் அறைக்குத் திரும்பியிருந்த மாமனாரின் குரல் நடுங்கியது. இந்த முறை குளிரால் அல்ல.

"மாப்பிள்ளை. என் ஏசிக்குள்ளேருந்து ஒரு ஒயர் தானா நகர்ந்து காலண்டருக்குப் பின்னால போகுது."

மாப்பிள்ளை இழுப்பதை நிறுத்தினார். மெதுவாகக் கல்யாணப் போட்டோவைக் கழற்றினார். பின்னால், உள்ளங்கை அகலத்தில் சுவரில் ஒரு துளை. துளைக்குள் இரண்டு ஒயர்கள், ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போயின. குனிந்து பார்த்தார்.

துளையின் அந்தப் பக்கம் ஒரு கண் அவரைப் பார்த்தது.

இருவரும் ஒரே நேரத்தில் அலறிப் பின்வாங்கினார்கள்.

"மாமா, நீங்களா?"

"வேற யாரு என் ரூம்ல இருப்பா?"

மாப்பிள்ளை துளையருகே வாயைக் கொண்டுபோனார். "மாமா, உங்க ஏசி வாயில ஒரு கறுப்பு முத்து தொங்குதா? அதைக் கைக்குள்ள பொத்துங்க."

மாமனார் பொத்தினார். மாப்பிள்ளையின் ஏசி ஓடியது.

"விடுங்க." விட்டார். நின்றது.

"பிடிங்க." பிடித்தார். ஓடியது.

மாப்பிள்ளை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தொழிலில் இது கற்பனை செய்யக்கூடிய மிகப் பெரிய விபத்து. பயிற்சிக் காரில் மாஸ்டர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக், பக்கத்தில் போகும் காரை நிறுத்தினால் எப்படி இருக்கும்? இவர் காரை நிறுத்துவதோ அந்தக் காரில் இருப்பவருடைய கால்.

"மாமா, என் ஏசிக்கு உங்க ரூம்தான் தெரியுது. உங்க ஏசிக்கு என் ரூம். என் ரூம் வேகுறதைப் பாத்து உங்க ஏசி ஊதுது. உங்க ரூம் உறைஞ்சு கிடக்கிறதைப் பாத்து என்னுது நிக்குது. நிக்கறதனால நான் இன்னும் வேகுறேன். நான் வேகறதனால நீங்க இன்னும் உறையறீங்க."

துளையில் மாமனாரின் கண் மறைந்து வாய் தெரிந்தது. பிறகு மெல்லிய குரல் வந்தது.

"அப்ப நான் இத்தனை நாளா உங்களுக்காகக் குளிர்ல கிடந்தேனா?"

"நான் உங்களுக்காக வெந்தேன் மாமா."

அரை மணியில் வேலை முடிந்தது. இந்தப் பக்கம் தொங்கிய முத்தை மாமனாரும், அந்தப் பக்கம் தொங்கியதை மாப்பிள்ளையும் துளை வழியாகத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். "இழுங்க மாமா." "நீங்க விடுங்க மாப்பிள்ளை." இரண்டு ஏசிகளும் ஒரு முறை பெருமூச்சு விட்டன. இருவரும் ரிமோட்டில் இருபத்தைந்தை வைக்க, இரண்டு அறைகளும் மெல்ல மெல்ல அதற்கு வந்து அங்கேயே நின்றன. மாமனார் மப்ளரை அவிழ்த்தார். மாப்பிள்ளை சட்டை போட்டார். கூடத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டபோது, பவுடர் பாதி மாப்பிள்ளை மேல் ஒட்டிக்கொண்டது.

"எவன்யா அந்த மெக்கானிக்? எதிர்ல வரட்டும், பேசிக்கறேன்," என்றார் மாமனார். "மாப்பிள்ளை, நான் சொன்னதை மறந்துடுங்க. நான் இருக்கற வரைக்கும் நீங்க இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. இது என் ஆணை."

"போக மாட்டேன் மாமா," என்றார் மாப்பிள்ளை, தழுதழுத்து.

மாமியார் ஆனந்தக் கண்ணீரோடு இன்னொரு காபி போடப் போனார்.

மனைவி பெட்டியின் மேல் பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, சந்தோஷத்துல பேச்சே வரலியா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க... நிஜமாவே சரி பண்ணிட்டீங்களா?"

"உன் புருஷன்மா."

அழைப்பு மணி அடித்தது. கேரம் ஆட்கள்தான் என்று மாமனார் மார்பை நிமிர்த்தி, "வாங்கய்யா, உள்ளே வாங்க" என்று குரல் கொடுத்தார். ஆனால் மனைவி அதற்குள் எழுந்து ஓடி, கதவை ஒரு முகம் மட்டும் தெரியும்படி திறந்திருந்தாள்.

வெளியே, தோளில் ஏணியும் கையில் கருவிப் பையுமாக, ஊரில் இல்லாத மெக்கானிக் நின்றார். கூடத்தில் இருந்தவர்கள் அவர் கண்ணில் படவில்லை.

"அக்கா, உங்க புது வீட்டுல ஏசி மாட்டியாச்சு. இங்க நீங்க மாத்திப் போடச் சொன்ன ஒயரை இப்ப நேராக்கிடவா, இல்ல அப்பா வாயால போகச் சொல்ற வரைக்கும் குறுக்கயே கிடக்கட்டுமா?"